வெல்டிங் பட்டறை போடுமுன்: முதல் பணம் எதற்கு?

பிறர் பட்டறையில் பத்து வருஷம் ராடு பிடித்தவருக்கு ஒரு நாள் சொந்தப் பட்டறை ஆசை வருவது இயற்கை. ஹைதராபாத், செகந்திராபாத் இரட்டை நகரங்களில் இந்த ஆசையோடு இருக்கும் தமிழர்கள் கொஞ்ச நஞ்சமல்ல. சிறுகச் சிறுகச் சேர்த்த பணம், மனைவியின் நகை, போதாததற்கு ஏதாவது ஆபீஸில் குமாஸ்தாவாக இருக்கும் மைத்துனரின் ஜாமீன் கையெழுத்து. இவைதான் பெரும்பாலும் மூலதனம். ஆகவே பட்டறை படுத்தால் ஒருவர் மட்டும் படுப்பதில்லை. இரண்டு குடும்பங்கள் படுக்கின்றன.

பணம் கைக்கு வந்தவுடன் ராணிகஞ்ச் கடைத்தெருவுக்குப் போய், முதல் காரியமாகப் பெரிய வெல்டிங் மிஷினாகப் பார்த்து வாங்கிவிடுவது பலருடைய வழக்கம். வெல்டிங் பட்டறை என்றால் வெல்டிங் மிஷின்தானே முக்கியம் என்பது அவர்கள் கணக்கு. அனுபவஸ்தர்களின் கணக்கு வேறு.

ஒரு சாதாரண கிரில் கேட்டை எடுத்துக்கொள்வோம். 10 கேஜ் ராடு, அதாவது 3.15 மில்லிமீட்டர் ராடு, ஒன்று எரிந்து தீர ஒரு நிமிஷம் அல்லது ஒன்றரை நிமிஷம் ஆகும். கேட்டுக்கு 30 ராடு செலவானால் நெருப்பு எரிந்த நேரம் முக்கால் மணிக்குள்தான். ஆனால் அந்தக் கேட்டை முடிக்க இரண்டு பேருக்கு ஒரு நாள் பிடிக்கிறது. மீதி நேரமெல்லாம் எங்கே போயிற்று? ஆங்கிளையும் பட்டா கம்பியையும் அளப்பதில், அறுப்பதில், மூலை சேர்ப்பதில், துளை போடுவதில், கடைசியில் கிரைண்டர் பிடித்துத் தேய்ப்பதில். கூலி கரைவது அங்கேதான். முதல் பணமும் அங்கேதான் போக வேண்டும்.

எல்லாவற்றையும் வாங்க வேண்டியதில்லை

இந்த விஷயத்தில் ஹைதராபாத்தில் தொழில் தொடங்குபவர் கொடுத்து வைத்தவர். இது இரும்பு வேலை தெரிந்த ஊர். 1942ல் ஆல்வின் கம்பெனி இங்கே பிறந்தது. ஸ்டீல் பீரோ, பஸ் பாடி, பிரிட்ஜ் என்று தகடு வேலையில் ஒரு தலைமுறையையே பழக்கியது. அடுத்த வருஷம், 1943ல், செகந்திராபாத்தில் பிராகா டூல்ஸ் தொடங்கியது. பிராகாவின் லேத் சக்கும் மில்லிங் மிஷினும் நாடெங்கும் பட்டறைகளுக்குப் போயின. பின்னர் எச்.எம்.டி., ராமச்சந்திராபுரத்தில் பி.எச்.இ.எல். என்று வரிசையாக வந்தன. 1968ல் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடும் சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனத்தின் உதவியோடும் பாலாநகரில் மத்திய கருவி வடிவமைப்பு நிலையம் ஏற்பட்டது. சி.ஐ.டி.டி. என்றால் ஆட்டோக்காரருக்கும் தெரியும்.

ஆல்வின் கம்பெனி இன்று இல்லை. காலனிக்கும் நாற்சந்திக்கும் பெயராக மட்டும் நிற்கிறது. ஆனால் அந்தப் பெரிய ஆலைகளைச் சுற்றி முளைத்த சிறு பட்டறைகள் பாலாநகரிலும் ஜீடிமெட்லாவிலும் சனத்நகரிலும் இன்னும் ஓடுகின்றன. தகடு வெட்டும் ஷியரிங் மிஷின், தகடு மடக்கும் பிரேக் பிரஸ், லேத், இப்போது லேசர் கட்டிங் கூட, கூலிக்கு வேலை செய்து கொடுக்க இந்தப் பகுதிகளில் ஆள் உண்டு. மாதத்தில் நாலு தடவை தகடு மடக்குவதற்காகச் சொந்தமாக ஒரு மிஷினை வாங்கி நிறுத்துவது, வருஷத்துக்கு ஒரு கல்யாணத்துக்காகப் பந்தல் சாமான் வாங்கி வீட்டில் அடுக்குவது போலத்தான். தினம் கையில் எடுக்கும் சாமானை வாங்கிக்கொண்டு, வாரத்துக்கு ஒரு தடவை தேவைப்படுவதைப் பக்கத்துப் பட்டறையில் கூலி கொடுத்துச் செய்துகொள்வது லாபம்.

லேத் விஷயமும் இதேதான். பழைய லேத் மலிவாக வருகிறது என்று யாராவது சொன்னால் கை அரிக்கும். கேட்டு, கிரில், ஷெட் வேலை செய்பவருக்கு லேத் வேண்டியதே இல்லை. டர்னர் சம்பளம் வேறு ஏறும். அப்படியும் வாங்கத்தான் வேண்டுமானால், சக்குக்குப் பக்கத்தில் பெட் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். அந்த இடம்தான் முதலில் தேயும். கேரேஜைச் சக்குப் பக்கம் சரியாக ஓடும்படி இறுக்கிவிட்டுப் பின்னால் தள்ளினால் அங்கே இறுகி நிற்கிறதா? அப்படியானால் பெட் குழிந்துவிட்டது என்று அர்த்தம். புதுப் பெயிண்டைப் பார்த்து ஏமாறக் கூடாது.

மீட்டரைப் பார்த்து மிஷின்

இடம் பிடித்த கையோடு பார்க்க வேண்டியது கரண்டு. மிஷினை வாங்கிவிட்டுக் கரண்டைத் தேடுவது வீண் அலைச்சல்.

பழைய மாதிரி டிரான்ஸ்பார்மர் மிஷின் உழைப்பாளிதான்; ஆனால் பெரும்பசிக்காரன். 120 ஆம்பியரில் 10 கேஜ் ராடு எரிக்கும்போது நெருப்பில் உண்மையாகச் செலவாவது சுமார் 3 கிலோவாட். 70 வோல்ட் திறந்த மின்னழுத்தம் உள்ள டிரான்ஸ்பார்மர் அதற்காக லைனிலிருந்து இழுப்பதோ எட்டு கே.வி.ஏ.க்கு மேல். இரண்டு ஃபேஸில், 415 வோல்ட்டில் கொடுத்தால் சுமார் 20 ஆம்பியர். வீட்டு லைன் மாதிரி ஒற்றை ஃபேஸ் 230 வோல்ட்டில் கொடுத்தால் 36 ஆம்பியர்! சாதாரண வயரிங் இதைத் தாங்காது. தெருவில் விளக்குகள் மினுக்கும். பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார். ஃப்யூஸ் போடுவதே வேலையாகிவிடும். டிரான்ஸ்பார்மர் வைப்பதானால் மூன்று ஃபேஸ் இணைப்பும், பவர் ஃபாக்டரைச் சரிக்கட்டக் கெபாசிட்டரும் அவசியம்.

இன்வெர்ட்டர் மிஷின் இதே வேலைக்கு ஏறத்தாழ 22 ஆம்பியரோடு ஒற்றை ஃபேஸிலேயே நின்றுகொள்கிறது. கையில் தூக்கிக்கொண்டு மாடிக்கும் போகலாம். வீடு வீடாகப் போய் கிரில் பொருத்துகிறவர்களுக்கு இது வரப்பிரசாதம். ஆனால் இதற்கும் ஒரு எமன் உண்டு: கிரைண்டர் தூள். உள்ளே இருக்கும் விசிறி காற்றோடு இரும்புத் தூளையும் இழுத்து எலெக்ட்ரானிக் தகட்டின் மேல் படிய வைக்கும். இரும்புத் தூள் கரண்டு கடத்தும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆகவே கிரைண்டர் ஒரு மூலை, இன்வெர்ட்டர் எதிர் மூலை. பிளக்கைப் பிடுங்கி வைத்துவிட்டு, மாதம் ஒரு முறை உலர்ந்த காற்றால் ஊதி எடுத்தால் ஆயுசு கூடும். டிரான்ஸ்பார்மருக்கு இந்தத் தொல்லைகள் குறைவு. பழுதானால் காயில் சுற்றுகிறவர் யாரும் பார்த்துவிடுவார். இன்வெர்ட்டர் பழுதானால் அதற்கென்று தெரிந்தவர் வேண்டும். அந்தக் கம்பெனிக்கு ஹைதராபாத்திலேயே சர்வீஸ் இருக்கிறதா என்பதை விலை பேசுமுன் கேட்டுவிடுவது உசிதம்.

இணைப்புக்கு மனுச் செய்யும்போது இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தெலங்கானாவில் கடைகளுக்கு ஒரு கட்டண வகை, தொழிற்கூடங்களுக்கு வேறொரு வகை. பொருள் செய்கிற பட்டறை என்பதற்கு உத்யம் பதிவுச் சான்றிதழைக் காட்டித் தொழில் வகையில் கேட்கலாம். 2020 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள இந்தப் பதிவு ஆதார் எண்ணைக் கொண்டு இலவசமாகவே செய்யப்படுகிறது. இதற்குப் பணம் கேட்கும் தரகரிடம் போக வேண்டிய அவசியமே இல்லை.

‘200 ஆம்பியர்’ என்று எழுதியிருந்தால்?

கடையில் வரிசையாக இருக்கும் மிஷின்களில் எல்லாம் 200 என்றுதான் போட்டிருக்கும். விலை மட்டும் ஒன்றுக்கொன்று பாதியாகவும் இரட்டிப்பாகவும் இருக்கும். வித்தியாசம் என்ன என்று கேட்டால் கடைக்காரர், “கம்பெனி மால், அண்ணா” என்று முடித்துவிடுவார். உண்மையான வித்தியாசம் மிஷினின் முதுகில் ஒட்டியிருக்கும் தகட்டில் இருக்கிறது. ஆம்பியருக்கு நேராக ஒரு சதவீதம் போட்டிருக்கும். 200 ஆம்பியர், 60 சதவீதம் என்றால், 40 டிகிரி வெயிலில், 10 நிமிஷத்தில் 6 நிமிஷம் எரிக்கலாம், 4 நிமிஷம் ஓய்வு கொடுக்க வேண்டும் என்று பொருள்.

இதை வைத்து ஒரு கணக்குப் போடலாம். 200 ஆம்பியர், 60 சதவீத மிஷினை ஓய்வே இல்லாமல் சுமார் 155 ஆம்பியரில் நாள் முழுதும் ஓட்டலாம். அதே 200 ஆம்பியர், 20 சதவீதம் என்று போட்ட மிஷினை ஓயாமல் ஓட்டினால் 90 ஆம்பியருக்குக் கீழேதான் தாங்கும். 12 கேஜ் ராடுக்கு (2.5 மில்லிமீட்டர்) 60 முதல் 90 ஆம்பியர் வேண்டும், 10 கேஜுக்கு 90 முதல் 130, 8 கேஜுக்கு (4 மில்லிமீட்டர்) 140 முதல் 180. ஆக, மலிவு மிஷினில் 10 கேஜ் ராடு தொடர்ந்து எரிக்க முடியாது; நடு வேலையில் சூடேறி நின்றுவிடும். ஹைதராபாத் மே மாதத்தில், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே, தகட்டில் போட்ட 40 டிகிரியையும் தாண்டிவிடும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். சதவீதமே போடாத மிஷின் எவ்வளவு மலிவானாலும் தொடாமலிருப்பது மேல்.

மிஷினில் செலவழித்துவிட்டுக் கேபிளில் மிச்சம் பிடிப்பது இன்னொரு தப்பு. 200 ஆம்பியருக்கு 35 சதுர மில்லிமீட்டர் செம்புக் கேபிளும், அழுத்தமாகப் பிடிக்கும் எர்த் கிளாம்பும் வேண்டும். எர்த் கம்பியைச் சும்மா ஆங்கிளுக்கு அடியில் செருகி வைக்கும் வழக்கம் எங்கும் உண்டு. நெருப்பு திக்குகிறது, ராடு ஒட்டுகிறது என்று மிஷினைத் திட்டுகிறவர்கள் பாதி நேரம் திட்ட வேண்டியது இந்த எர்த்தைத்தான்.

மேஜை, வைஸ், மூலைமட்டம்

புதுப் பட்டறையின் முதல் வேலை, பட்டறைக்கே ஒரு மேஜை செய்துகொள்வது. 10 அல்லது 12 மில்லிமீட்டர் தகடு, கனமான ஆங்கிள் கால்கள், நான்கு பக்கமும் மட்டம். பெரிய வைஸ் ஒன்று, சி கிளாம்ப் அரை டஜன், நல்ல மூலைமட்டம், அளவு நாடா. இவற்றின் மொத்த விலை ஒரு நல்ல வெல்டிங் மிஷின் விலைக்கு வராது. ஆனால் தரையில் குந்திக்கொண்டு செங்கல்லை முட்டுக்கொடுத்துச் செய்த கேட்டுக்கும், மேஜையில் கிளாம்ப் போட்டுச் செய்த கேட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கீல் மாட்டும்போது வீட்டுக்காரரே கண்டுபிடித்துவிடுவார்.

சட்டத்தை நான்கு மூலையிலும் டேக் அடித்தவுடன் இரண்டு குறுக்குக் கோணத்தையும் அளக்க வேண்டும். இரண்டும் ஒன்றாக இருந்தால் மூலை சரி. கால் அங்குலம் கூடக்குறைய இருந்தால், டேக்கோடு நிற்கும்போது ஒரு தட்டில் சரியாகும். முழுக்க வெல்டிங் ஓடிய பிறகு சரிசெய்ய அரை நாள் ஆகும். வெல்டிங் ஆறும்போது இரும்பு சுருங்கி இழுக்கும். ஆகையால் ஒரு மூலையில் ஓட்டினால் அடுத்தது அதன் எதிர் மூலையில்.

அறுப்பதற்கு 14 அங்குலச் சக்கரம் உள்ள கட்டிங் மிஷின் போதும். தேய்ப்பதற்கு 4 அங்குலக் கை கிரைண்டர் ஒன்றுக்கு இரண்டாக இருந்தால் நல்லது. ஒன்றில் கட்டிங் வீல், மற்றதில் கிரைண்டிங் வீல். ஒன்றே இருந்தால் சக்கரம் மாற்றச் சோம்பல்பட்டு, கட்டிங் வீலின் பக்கவாட்டில் தேய்ப்பார்கள். மெல்லிய சக்கரம் அதைத் தாங்காது, வெடிக்கும். 4 அங்குலக் கிரைண்டர் நிமிஷத்துக்கு சுமார் 11,000 சுற்று ஓடுகிறது. 14 அங்குல மிஷின் 4,000க்கும் கீழே. பெரிய சக்கரம் சீக்கிரம் தீராது என்று கார்டைக் கழற்றிவிட்டுச் சிறு கிரைண்டரில் பெரிய சக்கரம் மாட்டும் புத்திசாலிகள் இருக்கிறார்கள். சக்கரத்தின் மேல் அதிகபட்சச் சுற்று அச்சடித்திருக்கும்; கிரைண்டரின் சுற்று அதைத் தாண்டினால் சக்கரம் துப்பாக்கிக் குண்டாகிவிடும். முகத்திலும் கழுத்திலும் பட்டவர்கள் கதையைப் பாலாநகரில் எந்த டீக்கடையிலும் கேட்கலாம்.

துளை போடுவதற்கு, நின்று ஓடும் டிரில்லிங் மிஷின் ஒன்று சீக்கிரமே வேண்டியிருக்கும். சின்னத் துளைக்கு வேகம், பெரிய துளைக்கு நிதானம். சாதாரண இரும்பில் 10 மில்லிமீட்டர் பிட்டுக்கு நிமிஷத்துக்கு 800 சுற்று, 20 மில்லிமீட்டருக்கு 400. எல்லாவற்றையும் ஒரே வேகத்தில் ஓட்டுவதால்தான் பிட் நீலம் பாய்ந்து மழுங்குகிறது. பெல்ட்டை மாற்ற இரண்டு நிமிஷம். பிட் வாங்க ராணிகஞ்ச் போய்வர அரை நாள். வேலைத் துண்டைக் கையால் பிடிக்காமல் வைஸில் பிடிக்க வேண்டும். டிரில்லில் கையுறை போடவே கூடாது. பிட் சுருட்டி இழுத்துக்கொள்ளும்.

காஸும் கண்ணும்

காஸ் கட்டிங் தேவைப்படுவோர் சிலர்தான். ஆக்சிஜன் சிலிண்டர் கறுப்பு, அசிட்டிலீன் சிலிண்டர் மெரூன் சிவப்பு. ஆக்சிஜன் ரெகுலேட்டரில் எண்ணெயோ கிரீஸோ ஒரு சொட்டும் படக்கூடாது, தானாகத் தீப்பிடிக்கும். திருகு இறுகுகிறது என்று எண்ணெய் விட்டவர்கள் உண்டு. அசிட்டிலீன் சிலிண்டர் நின்றபடியேதான் இருக்க வேண்டும். தீ பின்னோக்கிப் பாய்வதைத் தடுக்கும் ஃப்ளாஷ்பேக் அரெஸ்டரை இரண்டு லைனிலும் மாட்ட வேண்டும். இதில் மிச்சம் பிடிப்பது உயிரோடு விளையாடுவதாகும்.

தெருவோரப் பட்டறைக்குப் பழைய டீசல் டிரம், தின்னர் டின், ஸ்கூட்டர் டாங்கி ஒட்ட வருவார்கள். “காலிதான் அண்ணே” என்பார்கள். காலி டிரம்மில்தான் ஆவி நிறைந்திருக்கும். நிறைந்த டிரம்மை விட அதுதான் ஆபத்து. ஐம்பது ரூபாய் கூலிக்கு அந்த வேலையைத் தொடாமல் திருப்பி அனுப்புவதே நல்லது. நாகம் பூசிய ஜி.ஐ. குழாயை மூடிய அறையில் பற்றவைத்தால் இரவில் குளிரும் காய்ச்சலும் வரும். பூச்சைத் தேய்த்துவிட்டு, காற்றோட்டத்தில் செய்ய வேண்டும். 2017ல் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் வெல்டிங் புகையையே புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பட்டியலில் சேர்த்துவிட்டது. பழைய தகர டப்பாவில் விசிறி பொருத்திப் புகையை வெளியே தள்ளுகிற சின்ன ஏற்பாடு கூடப் பிரயோஜனப்படும்.

கண்ணாடி 10 அல்லது 11 எண் நிழலாக இருக்க வேண்டும். டேக் அடிப்பதுதானே என்று கண்ணை மூடிக்கொண்டு அடிப்பவர்கள் அன்றிரவு கண்ணில் மணல் போட்டாற்போல் துடிக்கிறார்கள். தாய்ப்பால், உருளைக்கிழங்குச் சாறு என்று வைத்தியம் நடக்கிறது. கண்ணில் இவற்றை விட்டால் கிருமி சேரும். கண் டாக்டரிடம் போவதுதான் வைத்தியம்.

கடனும் பயிற்சியும்

பணம் போதாதவர்களுக்கு பாங்குகளில் முத்ரா கடன் உண்டு. 2015ல் தொடங்கிய இத்திட்டத்தில் 50,000 ரூபாய் வரை சிசு, 5 லட்சம் வரை கிஷோர், 10 லட்சம் வரை தருண் என்று வகைகள். சொத்து ஜாமீன் இல்லாத கடன் இது. மைத்துனரின் கையெழுத்தைக் கேட்குமுன் இதைக் கேட்டுப் பார்க்கலாம். பிரதமர் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டத்தில், நகர்ப்புறத்தில் பொதுப் பிரிவினருக்குத் திட்ட மதிப்பில் 15 சதவீதமும், பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பிற்பட்டோர் முதலிய பிரிவினருக்கு 25 சதவீதமும் மானியம். முறையே 10, 5 சதவீதம் கைப்பணம் போட வேண்டும். கடன் கிடைக்கிறது என்பதற்காகத் திட்டத்தைப் பெரிதாக்கி எழுதச் சொல்லும் ஆட்களும் உண்டு. தவணை கட்டப்போவது அவர்களல்ல.

கைவேலை தெரிந்தவர்களுக்கும் வரைபடம் படிக்கவும் மிஷின் ஓட்டவும் பாலாநகர் சி.ஐ.டி.டி.யிலும், குஷாய்குடா பக்கம் கமலாநகரில் உள்ள என்.எஸ்.ஐ.சி. நிலையத்திலும் குறுகிய காலப் பயிற்சிகள் நடக்கின்றன. வெல்டிங்கையே துறையாக எடுக்க நினைக்கும் பிள்ளைகளுக்குத் திருச்சி பி.எச்.இ.எல். வளாகத்தில் 1975ல் ஏற்பட்ட வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஊருக்குப் போகும்போது விசாரித்து வரலாம்.

வெல்டிங் மிஷின் வாங்கப் போகும் நாளில் கையில் கொண்டு போக வேண்டியவை மூன்று: வழக்கமாக எரிக்கும் 10 கேஜ் ராடு ஒரு பத்து, 6 மில்லிமீட்டர் தகட்டுத் துண்டு இரண்டு, சொந்த முகக்கண்ணாடி. கடையிலேயே லைன் கொடுக்கச் சொல்லி, பத்து ராடையும் நிறுத்தாமல் எரித்துப் பார்க்க வேண்டும். முதல் ராடு எந்த மிஷினிலும் நன்றாகத்தான் எரியும். ஏழாவது, எட்டாவது ராடில் நெருப்பு மாறுகிறதா என்பதுதான் பார்க்க வேண்டியது. எரித்துக் காட்ட மறுக்கும் கடையில் விலை எவ்வளவு இறங்கினாலும், ராணிகஞ்சில் அடுத்த கடை பத்தடி தூரம்தான்.